மரத்தடியில் என்ன முளைக்கிறது?

(மாவட்ட அளவில் நடந்த அறிவியல் ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அயல் ஊடுருவல் இனங்களும் பல்லுயிர்ப் பெருக்கமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரியது. தேநீர் இடைவேளைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆகவே உலகத்தைச் சுற்றப் போவதில்லை. இன்று காலை இங்கு வரும்போது பேருந்துச் சன்னல் வழியாக நீங்கள் எல்லோரும் பார்த்த ஒரு மரத்தையே எடுத்துக்கொள்கிறேன். ‘பார்க்கவில்லையே’ என்று யாரும் சொல்ல முடியாது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு வந்தால்தான் சீமைக் கருவேலத்தைப் பார்க்காமல் வர முடியும்.

அதன் பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழாசிரியர்கள் யாராவது இருந்தால் இதை உங்கள் பாடவேளைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். கடல் கடந்து வந்த பொருளுக்கெல்லாம் நம் முன்னோர் ‘சீமை’ என்று அடைமொழி போட்டார்கள். மண்ணெண்ணெய் சீமையெண்ணெய் ஆனது. தக்காளி சீமைத்தக்காளி ஆனது. நம் ஊரில் ஏற்கெனவே கருவேலம் இருந்தது. அதைப்போல முள்ளும் நெற்றுமாக ஒன்று வந்ததும் அது சீமைக் கருவேலம் ஆயிற்று. இதே மரத்துக்கு இன்னொரு பெயர் வேலிகாத்தான். முதல் பெயர் அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. இரண்டாவது, எதற்காக மக்கள் அதை வைத்துக்கொண்டார்கள் என்று சொல்கிறது. ஒரு மரத்தின் வரலாறு முழுவதும் இரண்டு பெயர்களுக்குள் இருக்கிறது.

புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவியல் பெயர். தாயகம் மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, கரீபியத் தீவுகள். சென்னை மாகாணத்தில் வனப் பாதுகாவலராக இருந்த பெடோம் என்பவர் இதன் விதைகளைத் தருவிக்க வேண்டும் என்று 1876இல் அரசுக்கு எழுதினார். 1877இல் கடப்பைப் பகுதியில் உள்ள கமலாபுரத்தில் நட்டார்கள். தாது வருடப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள். விறகுக்குப் பஞ்சம், தீவனத்துக்குப் பஞ்சம், வறட்சியைத் தாங்கும் மரம் வேண்டும் என்ற தேடல். விடுதலைக்குப் பிறகும் விறகுக்காகவும் வேலிக்காகவும் வெற்று நிலத்தை மூடுவதற்காகவும் இதைப் பரப்பினார்கள். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ‘நம் மண்ணை அழிக்க வெளிநாட்டுக்காரர்கள் திட்டம் போட்டுத் தூவிய விதை’ என்ற கதையைப் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த காரியம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதுதான் உண்மையில் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. அது சதிக்கதையைவிடச் சுவையானதும்கூட.

அது எப்படிப் பரவியது? இனிப்பான நெற்று. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதையின் மேல்தோல் கடினமானது. சதை செரிக்கும், விதைகளில் பல செரிக்காமல் வெளியே வரும். வயிற்றுக்குள் போய்வந்ததில் தோல் இளகியிருக்கும். கூடவே சாணமும் புழுக்கையும் உரமாகக் கிடைக்கும். நாம் நாற்றங்காலில் விதைநேர்த்தி செய்வதை ஆடு தன் வயிற்றுக்குள்ளேயே செய்துவிடுகிறது. மேய்ச்சலுக்குப் போகும் வழியெல்லாம் விதைப்பு. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். உவர் நிலத்திலும் வரும். மற்ற மரமெல்லாம் சோர்ந்து நிற்கும் சித்திரையிலும் பச்சையாக நிற்கும். ‘பரவும் வழிகள்’ பாடத்துக்கு எருக்கையும் நாயுருவியையும் எடுத்துக்காட்டுகிறோம், இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டுப் புழுக்கையைக் காயவைத்து ஒரு தொட்டியில் தூவி, இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். முளைப்பதைப் பிள்ளைகளே எண்ணட்டும்.

பரவியது ஏன் கெடுதல் என்ற கேள்விக்குத்தான் நான் முக்கியமாக வர வேண்டும். ஒரு மரம் நிறைய இருப்பது மட்டும் குற்றமா? பனைகூடத்தான் நிறைய இருக்கிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2012இல் வெளியானது. ஆய்வாளர்கள் இந்தியாவில் சீமைக் கருவேலத்தின் நிழலில் எத்தனை வகைச் செடிகள் இருக்கின்றன என்று எண்ணினார்கள். பக்கத்தில் வெட்டவெளியில் எத்தனை வகை என்றும் எண்ணினார்கள். நிழலில் வெகுவாகக் குறைந்திருந்தது. பிறகு அதே மரத்தின் தாயகமான வெனிசுவேலாவில் அதே வேலையைச் செய்தார்கள். அங்கே இந்த வீழ்ச்சி இல்லை. மரத்தடியில் மற்ற செடிகள் நன்றாகவே வளர்ந்தன. மூன்றாவதாக, இந்தியாவிலேயே இருக்கும் இதன் நெருங்கிய சொந்தம் ஒன்றின் அடியிலும் பார்த்தார்கள். அங்கேயும் செடிகளுக்குக் குறைவில்லை. அந்தச் சொந்தம் யார் தெரியுமா? நம் வன்னி. விருத்தாசலம் கோயிலில் தலமரமாக இருக்கிறதே, அதே வன்னி. இராஜஸ்தானில் வன்னி நிற்கும் வயலில் அதன் அடி வரைக்கும் கம்பு விதைக்கிறார்கள்.

ஒரே மரம், இரண்டு நாடு, இரண்டு விளைவு. ஒரே குடும்பம், இரண்டு மரம், இரண்டு விளைவு. இந்த ஓர் ஒப்பீட்டை வகுப்பில் ஒழுங்காகச் சொல்லிவிட்டால் ஊடுருவல் இனம் என்றால் என்ன என்பதற்கு வரையறையே தேவைப்படாது. கேடு அந்த மரத்துக்குள் பிறவியிலேயே இருந்தால் வெனிசுவேலாவிலும் இருந்திருக்க வேண்டும். ஒரு வேதிப்பொருளோடு பல தலைமுறை பழகிய செடிகள் அதைத் தாங்கக் கற்றிருக்கும். ஒரு விதையைத் தின்னப் பழகிய வண்டு அந்த மரத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும். கடல் கடந்து வந்தபோது மரம் வந்தது; வண்டும் வரவில்லை, பழகிய அண்டைச் செடிகளும் வரவில்லை.

வண்டு விஷயம் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். கொங்குப் பகுதியிலிருந்து மாறுதலில் வந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது நினைவிருக்கும். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளியில் ஒரு வெள்ளை மாவுப்பூச்சி தென்பட்டது. தாயகம் மெக்சிகோ. இரண்டு ஆண்டுக்குள் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டு வாசல் செம்பருத்தி என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இலையில்லாமல் தவித்தார்கள். மருந்தடித்தால் மேலே இருக்கும் மாவுப்படலம் அதைக் காப்பாற்றிவிடும். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை முறைப்படி வரவழைத்து, சோதித்து, விட்டார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாகப் பிடித்துக்கொண்டது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். சில மாதங்களில் தோட்டங்கள் தேறின. வந்தது பூச்சி மட்டும்; அதன் எதிரி பின்தங்கிவிட்டது; எதிரியையும் அழைத்து வந்ததும் கணக்கு நேரானது. உணவு வலை என்று கரும்பலகையில் அம்புக்குறி போடுகிறோமே, அந்த அம்புக்குறிகளில் ஒன்றை அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு நம் மாநிலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. எதிரியை வரவழைப்பதும் சோதனைக்குப் பிறகே செய்ய வேண்டிய வேலை. அது வேறு எதையெல்லாம் தின்னும் என்று பார்க்காமல் விட்டால் அதுவே அடுத்த ஊடுருவல் இனமாகிவிடும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். ‘அந்நியம்’ என்கிறோம், ‘ஊடுருவல்’ என்கிறோம், ‘ஆக்கிரமிப்பு’ என்கிறோம். எல்லாம் போர்க்களச் சொற்கள். பாடநூலில் இருப்பதால் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் நம் வகுப்பறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளை இருக்கிறது. மண்டபம் பக்கம் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கிறது. ‘வெளியிலிருந்து வந்தது எல்லாம் கெட்டது, விரட்ட வேண்டும்’ என்று தாவரத்தைப் பற்றித்தான் நாம் சொல்கிறோம். பத்து வயதுப் பிள்ளை அதைத் தாவரத்தோடு நிறுத்திக்கொள்ளும் என்று என்ன உறுதி? உயிரியலிலும் அந்த வாக்கியம் தவறு என்பதுதான் நமக்கு வசதி. மிளகாய் அமெரிக்கக் கண்டம். தக்காளியும் நிலக்கடலையும் மரவள்ளியும் அங்கிருந்தே வந்தவை. புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மதிய உணவில் வைக்கும் சாம்பாரிலிருந்து வெளியூர்க்காரர்களை எல்லாம் எடுத்துவிட்டால் பருப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. உயிரினப் பன்மையைப் பற்றிய பன்னாட்டு அரசுகள் மன்றம் 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதர்களால் ஊர் மாறி நிலைத்துவிட்ட இனங்கள் 37,000க்கும் மேல் என்றது. அவற்றில் கேடு விளைவிப்பதாகச் சான்று இருப்பவை 3,500க்கும் மேல். அதாவது ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஆனால் அந்த ஒன்று செய்யும் வேலை சாதாரணமல்ல. பதிவான உயிரின அழிவுகளில் 60 விழுக்காட்டில் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது; 16 விழுக்காட்டில் இவை மட்டுமே காரணம். ஒன்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பது எப்படி? பிறந்த ஊரைக் கேட்டால் கிடைக்காது. அது நிற்கும் இடத்தில் என்ன செய்கிறது என்று பார்த்தால் கிடைக்கும்.

கோடியக்கரைக்குச் சுற்றுலா போகிறீர்கள். அங்கே வெளிமானைப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. வெளிமான் என்ற பெயரே வெட்டவெளியில் வாழ்வதால் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அதற்குப் புல் வேண்டும். நெடுந்தூரம் பார்க்கத் திறந்த வெளி வேண்டும். ஆபத்து வந்தால் பாய்ந்தோட இடம் வேண்டும். அந்தப் புல்வெளிக்குள் சீமைக் கருவேலம் புகுந்துவிட்டது. நெற்றைத் தின்னும் கால்நடைகளும் காட்டுக் குதிரைகளும் விதையை உள்ளே கொண்டுபோகின்றன. புதர் அடர்ந்தால் புல் போகிறது. புல் போனால் மான் மட்டுமா? புல்லில் முட்டையிடும் வானம்பாடி, புல் விதையைத் தின்னும் தினைக்குருவி, வெட்டுக்கிளி, அதைப் பிடிக்கும் கரிச்சான் எல்லாமே நகர வேண்டும். ‘மரம் வளர்ப்போம்’ என்று சொல்லியே வளர்ந்த நமக்கு, மரம் வந்ததால் ஓர் இடம் ஏழையாகும் என்பதை ஒத்துக்கொள்வது கொஞ்சம் கடினம். புல்வெளியும் ஒரு வாழிடம்தான். அதைத் தரிசு என்று எழுதி வைத்தது நாம்.

மலைப்பக்கம் போனால் இதே வேலையை உண்ணிச்செடி செய்கிறது. அழகுக்காக வந்த செடி. இந்தியாவில் புலி வாழும் காடுகளில் சுமார் 40 விழுக்காட்டுப் பரப்பில் இது இருக்கிறது என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மான் தின்னும் புல்லின் இடத்தில் மான் தின்னாத செடி. கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இந்தச் செடியின் தண்டை வளைத்து ஆளுயர யானைகள் செய்கிறார்கள். அவை வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கெல்லாம் போயிருக்கின்றன. யானையின் தீவனத்தை அழித்த செடியிலேயே யானை. கைத்தொழில் பாடவேளைக்கு இது ஆகும்.

மீண்டும் நம் ஊர் மரத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளிக்குப் பேச்சுப் போட்டி நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு ‘சீமைக் கருவேலத்தை ஒழிப்போம்’. பதினொரு பிள்ளைகள் பேசினார்கள். பதினொரு பேரும் நன்றாகப் பேசினார்கள், அதில் குறையில்லை. ஆனால் ஏறக்குறைய எல்லோரும் அதே ஐந்து செய்திகளைச் சொன்னார்கள். காற்றின் ஈரத்தை இலை வழியாக உறிஞ்சிவிடும், அதனால் மழை பெய்யாது. கரிவளி மட்டுமே விடும், உயிர்வளி தராது. அடியில் கட்டிய மாடு மலடாகும். பறவை கூடு கட்டாது. நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும். அலைபேசியில் வந்த செய்தி அப்படியே மனப்பாடம். ஒரு பிள்ளைகூட ‘நான் பார்த்தேன்’ என்று சொல்லவில்லை.

இந்த ஐந்தையும் ஐந்து பாடமாக மாற்றலாம். முதலாவது. ஒரு நெகிழிப் பையை இலையுள்ள கிளையில் கட்டி வெயிலில் விடுங்கள். சிறிது நேரத்தில் உள்ளே நீர்த்துளி. நீராவிப்போக்கு. இலை ஈரத்தை விடுகிறது என்று கண்ணால் தெரிந்துபோகும். இரண்டாவது, ஒளிச்சேர்க்கைப் பாடம். அந்த மரத்தின் கட்டையில் உள்ள கார்பன் முழுவதும் காற்றிலிருந்து எடுத்தது. வளரும் மரம் உயிர்வளி விடாமல் வளர வழியே இல்லை. நான்காவதற்குக் கண்மாய்க் கரைக்குப் போனால் போதும். கொக்கும் மடையானும் சீமைக் கருவேலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், தண்ணீர் இருக்கும் ஆண்டில் கூடும் கட்டும். அந்த நேரத்தில் வெட்டப் போகக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

ஐந்தாவதில் உண்மை இருக்கிறது, கூடவே மிகையும் இருக்கிறது. இதன் வேர் ஆழம் போகும். இதே பேரினத்து மரம் ஒன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கப் பள்ளத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். கோடையிலும் இலை உதிராமல் நிற்பதால் ஆண்டு முழுவதும் நீர் செலவாகும். அது சரி. ஆனால் நம் ஊர் நீர்மட்டம் இறங்கியதற்கு ஆழ்துளைக் கிணறு, தூர்ந்துபோன கண்மாய், அடைபட்ட வரத்துக்கால் எல்லாமே சேர்ந்து காரணம். மரத்தை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டால் மற்றவை தப்பித்துவிடும். வரத்துக்காலில் அடர்ந்து நின்று தண்ணீர் வரும் வழியை அடைப்பதுதான் இந்த மரம் நம் நீருக்குச் செய்யும் கண்ணெதிர்க் கேடு. பிள்ளைகளால் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய கேடும் அதுதான்.

மூன்றாவதை விட்டுவிட்டேன். மலடாகும் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் கால்நடைக்குக் கேடே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கென்யாவில் பாரிங்கோ என்ற ஏரிப் பகுதி இருக்கிறது. 1980களில் விறகுக்காக அங்கே இந்த மரத்தை நட்டார்கள். நம் கதைதான். மேய்ச்சல் நிலம் முழுவதும் முள்காடானது. வேறு தீவனம் இல்லாமல் ஆடுகள் இந்த இனிப்பு நெற்றையே தின்று தின்று பல் சொத்தையாகி விழுந்தன. இல்சமுஸ் என்ற அந்தப் பகுதி மக்கள் 2006இல் வழக்குத் தொடுத்தார்கள். சான்றாக எதைக் கொண்டுபோனார்கள் தெரியுமா? பல்லில்லாத ஓர் ஆட்டை நைரோபி நீதிமன்றத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். இதை எட்டாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள், அந்த ஆண்டு முழுவதும் மறக்க மாட்டார்கள். வதந்திக்கும் சான்றுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் அந்த ஆட்டைக் காட்டலாம்.

அந்தப் பேச்சுப் போட்டியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பெயர் கொடுத்திருந்தும் மேடைக்கு வரவில்லை. பரிசளிப்பு முடிந்தபின் நானே போய், “ஏன்மா, நீ பேசலையா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “எங்க அப்பா மூட்டம் போடுறாங்க சார்” என்றாள்.

கரிமூட்டம் என்றால் என்ன என்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த ஆண்டு முழுவதும் அடுப்பெரிய வைத்தது அதுதான். சீமைக் கருவேலத்தை வெட்டுவது, அடுக்குவது, மண் பூசி மூட்டம் போடுவது, கரியை மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவது என்று எத்தனை குடும்பங்கள். அந்த மரம் விஷம் என்று பதினொரு பேர் மேடையில் முழங்கினால், அந்தப் பிள்ளையின் காதில் அது எப்படி விழும்? ஒரு பயன் இருக்கிறது என்பதற்காகக் கேட்டை மறைக்கச் சொல்லவில்லை. கேடு இருக்கிறது என்பதற்காக அந்தப் பயனை மறைக்கவும் நமக்கு உரிமையில்லை. இரண்டையும் ஒரே பாடவேளையில் பேச முடியும். அந்த மாணவியின் அப்பாவுக்குத் தெரிந்தது நம்மில் யாருக்கும் தெரியாது. எத்தனை ஆண்டில் மறுபடி வெட்டுக்கு வரும், எந்த மண்ணில் கட்டை பருக்கும், வேரோடு எடுத்தால் எங்கே மறுபடி முளைக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. அவரை வகுப்புக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள் என்று அந்தப் பள்ளி அறிவியல் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் அழைத்தார். அன்று பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இரண்டு பக்கம் வந்ததாகத் தொலைபேசியில் சொன்னார்.

அந்த அனுபவசாலிகளைக் கேட்காமல் இறங்கியதால்தான் பல ஊர்களில் ஒழிப்பு வேலை பாதியில் நின்றது. 2017இல் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டி மாவட்டங்கள்தோறும் பெரிய இயக்கமாக நடந்தது நினைவிருக்கும். நம் மாணவர்களும் கலந்துகொண்டார்கள். இயந்திரம் வைத்துப் பிடுங்கிய இடங்களில் அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்ணில் கிடந்த விதையெல்லாம் ஒரே நேரத்தில் வெளிச்சம் கண்டு, பாய் விரித்தாற்போல முளைத்திருந்தது. காலி இடத்தை இயற்கை காலியாக விடாது. யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு இடம். முந்துவதில் இதை மிஞ்ச ஆளில்லை. பிடுங்குவது முதல் நாள் வேலை. மழைக்குப் பின் இளங்கன்றுகளைக் கையால் எடுப்பது இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டு வேலை. அந்த இடத்தில் கருவேலம், வன்னி, உகாய், புங்கம், இல்லாவிட்டால் வெறும் புல், எது முன்பு இருந்ததோ அதைக் கொண்டுவருவது அதற்கு இணையான வேலை. 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கையின் பெயரிலேயே ‘ஊடுருவல் தாவரங்கள்’ என்பதோடு ‘சூழல் மீட்பு’ என்பதும் சேர்ந்திருக்கிறது. அகற்றுவது பாதி, மீட்பது பாதி. தேசிய பசுமைப் படை, நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பாசிரியர்கள் முகாமுக்குத் திட்டம் எழுதும்போது ஒரு நாள் பிடுங்கும் விழா என்று எழுதாமல், ஒரு சிறு துண்டு நிலத்தை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டு என்று எழுதிப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளை எட்டாம் வகுப்பில் முடிவைப் பார்க்கும்.

கடற்கரைப் பள்ளிக்காரர்கள் ‘எங்களுக்கு என்ன’ என்று கேட்கலாம். உங்களுக்குக் கப்பாஃபைகஸ் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடற்பாசி. மூங்கில் மிதவையில் கட்டி வளர்த்து, உலர்த்தி விற்று, உங்கள் மாணவர்களின் அம்மாக்கள் பலர் கைக்காசு பார்த்தார்கள். 2008இல் குருசடைத் தீவருகே அது மிதவையை விட்டு வெளியேறிப் பவளங்களின் மேல் படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு வெளிச்சம் வேண்டும். மேலே போர்வை விழுந்தால் பவளம் பட்டினி. ஒரு பக்கம் கூலி, ஒரு பக்கம் பவளம். கருவேலத்தில் பார்த்த அதே சிக்கல், உப்புத் தண்ணீரில்.

வகுப்பில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மூன்று சொல்கிறேன். ஒன்று, இப்போது வெளியே போய்ச் செய்யப் போவது. நான்கு குச்சி, ஒரு கயிறு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம். சீமைக் கருவேலத்தின் அடியில் ஒன்று, வேம்பின் அடியில் ஒன்று, வெட்டவெளியில் ஒன்று. உள்ளே எத்தனை வகைச் செடி? பெயர் தெரிய வேண்டியதில்லை. ‘முள் இலை’, ‘வட்ட இலை’ என்று பிள்ளைகளே பெயர் வைக்கட்டும். அறுகும் நெருஞ்சியும் தும்பையும் அவர்களுக்கே தெரியும். ஓர் இடத்தில் ஒரே சதுரம் போட்டால் ஏமாறுவோம். குறைந்தது ஐந்து போட்டுச் சராசரி எடுங்கள். கணக்காசிரியரும் மகிழ்வார்.

இரண்டாவது, இலையை ஒருநாள் ஊறவைத்த நீரில் இருபது பச்சைப்பயறு, வெறும் நீரில் இருபது. முளைப்பதை எண்ணுங்கள். இதில் பலர் விடும் இடம் ஒன்று உண்டு. வேப்பிலை ஊறல் நீரிலும் இருபது வைக்க வேண்டும். ஏனென்றால் எந்த இலையையும் கெட்டியாகக் கரைத்தால் பயறு திணறலாம். மூன்றையும் ஒப்பிட்டால்தான் சீமைக் கருவேலத்தின் மேல் பழி போட முடியும். எதிர்பார்த்த விடை வராவிட்டால் வந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள். திருத்தி எழுத விடாதீர்கள்.

மூன்றாவது, வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் ஒரே கேள்வி. இந்த மரம் வருவதற்கு முன் அந்த இடத்தில் என்ன நின்றது? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுவே போதும். வரும் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி ஒட்டினால், மீட்புக்கு எதை நட வேண்டும் என்ற பட்டியல் தானாக வந்துவிடும்.

தேநீர் வந்துவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். குடித்துவிட்டு ஐந்து குழுவாகப் பிரிந்து கட்டடத்தின் பின்புறம் வாருங்கள். மதில் ஓரம் சீமைக் கருவேலம் ஏழு நிற்கிறது, காலையிலேயே எண்ணிவிட்டேன். கயிறும் குச்சியும் வாசலில் இருக்கின்றன. அந்த முள் குத்தினால் சீழ் வைக்கும், நாள் கணக்கில் வலிக்கும். செருப்பு இல்லாமல் யாரும் வர வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போதும் இதே விதிதான்.